பட்டிக்கு ஏற்ற பொலிகாளை
மட்டக்களப்பு வாவிக்கரைக் கமக்காரருக்குக் கால்நடை இனவிருத்தி பற்றிய சில குறிப்புகள்

விதைநெல்லைத் தெரிந்தெடுப்பதில் நமது கமக்காரர் காட்டும் கவனம் யாவரும் அறிந்ததே. கடைசி மடைவரை நீர் வந்து சேராத வயலில் நாலரை மாத நெல்லை எவரும் விதைப்பதில்லை. பள்ள வயலுக்கு ஒன்று, மேட்டு வயலுக்கு ஒன்று என நிலத்தையும் நீரையும் பார்த்தே விதை தெரிவு செய்யப்படுகிறது. ஆயினும் அதே கமக்காரர், தமது பட்டியிலுள்ள பசுக்களுடன் எந்தக் காளை சேர்கின்றது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காட்டோரம் திரியும் எந்த நாம்பனும் அடுத்த ஆண்டின் கன்றுகளுக்குத் தகப்பனாகிவிடுகின்றது.

விதை பிழைத்தால் ஒரு போகம் நட்டம்; அடுத்த போகத்தில் வேறு விதை இடலாம். காளை பிழைத்தால் அவ்வாறன்று. இன்று சினைப்பட்ட பசு கன்று ஈன ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். அக்கன்று வளர்ந்து, சினைப்பட்டு, தானும் ஈன்று பால் தர மேலும் மூன்று ஆண்டுகளாவது வேண்டும். ஆகவே இன்று செய்யும் பிழையை நாம் அறிந்துகொள்வதற்கே நான்கு ஆண்டுகள் சென்றுவிடும். இதனாலேயே கால்நடை இனவிருத்திக்கு ஒரு கொள்கை வேண்டும் எனக் கூறப்படுகின்றது. அக்கொள்கை யாது, அதனை வாவியின் இருகரையிலுமுள்ள கமக்காரர் எவ்வாறு கையாளலாம் என்பதை இங்கு விளக்குவோம்.

நமது பட்டியும் அதன் ஆண்டும்

படுவான்கரையின் மாட்டுப்பட்டிகள் நெல் வேளாண்மையோடு பின்னிப் பிணைந்தவை. பெரும்போக விதைப்புக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், வயற்கண்டங்களிலிருந்து மாடுகளை அகற்றவேண்டிய நாள் குறிக்கப்படும். அதன்பின் பட்டிகள் மேற்கேயுள்ள மேய்ச்சற் காடுகளுக்குச் செல்லும். மாரி மழையில் அங்கு புல் தழைத்திருக்கும். மாசி, பங்குனி மாதங்களில் வெட்டு முடிந்ததும் அவை திரும்பி வந்து ஒட்டுக்கட்டைகளை மேயும். அப்போது வயலுக்கு எருவும் சேரும். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களிலோ புல் கருகி, குளங்கள் வற்றி, மாடுகள் மெலிந்துபோகும்.

எழுவான்கரையின் நிலைமை வேறு. அங்கு நிலம் ஒடுங்கியது, வீடுகள் நெருங்கியவை. களுதாவளை போன்ற ஊர்களில் மரக்கறியும் வெற்றிலையும் செய்வோர் வீட்டு வளவில் ஒன்றிரண்டு மாடுகளைக் கட்டி வளர்க்கின்றனர். மரக்கறிக் கழிவு, வேலிக் கிளிரிசிடியாவின் தழை, தவிடு, புண்ணாக்கு ஆகியன அம்மாடுகளுக்குத் தீனியாகின்றன. அவற்றின் சாணம் தோட்டத்தின் மணல் மண்ணுக்கு உரமாகின்றது.

இவ்வாறு வாவியின் ஒரு கரையில் பட்டி, மறுகரையில் கொட்டில். இவை இரண்டுக்கும் ஒரே இனம் பொருந்தாது என்பதே இப்பிரசுரத்தின் முக்கியமான கருத்தாகும்.

நாட்டு மாட்டை இகழ வேண்டாம்

நமது நாட்டுப்பசு சிறியது. நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் பாலே தருவது. ஆயினும் அதனிடமுள்ள நற்குணங்கள் பல. வெயிலைப் பொறுக்கும், உண்ணிக் காய்ச்சலை எதிர்த்து நிற்கும், காய்ந்த புல்லைத் தின்றும் உயிர் தரிக்கும், பிறர் உதவியின்றிக் காட்டிலேயே கன்று ஈனும். இக்குணங்கள் பல நூற்றாண்டுகளாக இம்மண்ணில் வாழ்ந்து பெற்றவை. விலை கொடுத்து வாங்கமுடியாதவை.

ஆகையால் இனவிருத்தி என்பது நாட்டு மாட்டை ஒழித்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவருவதன்று. அதன் உறுதியைக் காத்துக்கொண்டு பாலைக் கூட்டுவதே இனவிருத்தியாகும்.

கொள்கை வளர்ந்த வரலாறு

இவ்விடயம் இலங்கையில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. கலாநிதி என். சி. றைற் என்பவர் இந்நாட்டின் மாடு வளர்ப்பையும் பால் உற்பத்தியையும் ஆராய்ந்து 1946ஆம் ஆண்டில் அறிக்கையொன்றை அளித்தார். குளிர்ந்த மலைநாட்டையும் வெப்பமான தாழ்நாட்டையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது என்னும் கருத்து அக்காலந்தொட்டு வலுப்பெற்றது. விவசாயத் திணைக்களத்தின் ஒரு பகுதியாக இருந்த கால்நடைச் சேவை, 1978ஆம் ஆண்டில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமாகத் தனித்து இயங்கத் தொடங்கிற்று. 2010ஆம் ஆண்டில் தேசிய கால்நடை இனவிருத்திக் கொள்கை வழிகாட்டி வெளியிடப்பட்டது. இடத்தின் சுவாத்தியத்தையும், மாடு வளர்க்கப்படும் முறையையும் பார்த்தே இனத்தைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்குக் காரணம் எளிது. ஐரோப்பாவிலிருந்து வந்த பிறீசியன் இனம் 25 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வாடத் தொடங்கும், தீனி எடுப்பது குறையும், பால் குறையும், சினை பிடிப்பதும் குறையும். மட்டக்களப்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ ஏறக்குறைய 27 முதல் 28 பாகை. நுவரெலியாவில் செழிக்கும் பசு வெல்லாவெளியில் செழிக்காதது அப்பசுவின் குற்றமன்று. அதனை இங்கு கொண்டுவந்தவரின் பிழையே.

எந்த முறைக்கு எந்த இனம்?

1. பட்டியாக மேயும் மாடுகள். இரவும் பகலும் வெளியில் நின்று, மேய்ச்சற்புல் ஒன்றையே நம்பி வாழும் பட்டிக்கு இந்தியத் துணைக்கண்டத்துத் திமில் மாடுகளே ஏற்றவை. சாகிவால், சிந்தி, தார்பார்க்கர் ஆகிய இனங்களின் காளைகளை நாட்டுப்பசுக்களோடு சேர்த்தால், பிறக்கும் கன்றுகள் தாயிலும் பெரியனவாகவும், பால் கூடியனவாகவும், வெயிலுக்கும் உண்ணிக்கும் அஞ்சாதனவாகவும் வளரும்.

2. பகலில் மேய்ந்து இரவில் கொட்டிலுக்கு வரும் மாடுகள். மாலையில் வெட்டுப்புல்லும் சிறிது தவிடும் கொடுக்க வசதியுள்ளோர் ஜேர்சிக் கலப்பை நாடலாம். ஜேர்சி உடலிற் சிறிய இனம். ஆதலால் சிறிய நாட்டுப்பசு அதன் கன்றை ஈனுவதில் தொல்லை குறைவு. அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்துப் பகுதியில் பிறீசியனையும் சாகிவாலையும் கலந்து உருவாக்கப்பட்ட இனமும் இம்முறைக்குப் பொருந்தும்.

3. முழுநேரமும் கொட்டிலில் நிற்கும் மாடுகள். நிழல், காற்றோட்டம், எந்நேரமும் நீர், பயிரிட்ட புல், கலப்புத்தீவனம் ஆகிய ஐந்தும் குறைவின்றி அளிக்கக்கூடியவர் மாத்திரமே இதிலும் கூடிய ஐரோப்பிய இரத்தமுள்ள மாடுகளை வளர்க்கலாம்.

இங்கு ஒரு கணக்கை அறிந்திருத்தல் நலம். நாட்டுப்பசுவை ஜேர்சிக் காளையோடு சேர்த்தால் கன்றில் ஐரோப்பிய இரத்தம் பாதி. அக்கன்று வளர்ந்தபின் மீண்டும் ஜேர்சியோடு சேர்த்தால் அடுத்த கன்றில் முக்கால். அதற்கடுத்ததில் எட்டில் ஏழு. பாதி நல்லதாயின் முக்கால் இன்னும் நல்லதன்றோ எனப் பலர் எண்ணுகின்றனர். வெப்ப வலயத்தில் அவ்வெண்ணம் பொய்த்துவிடுகிறது. பாதி முதல் நூற்றுக்கு 60 வரையான கலப்பே தாழ்நில மாடுகளுக்குப் போதுமானது என்பது இந்தியாவிலும் கண்டறியப்பட்ட உண்மை. அவ்வளவைத் தாண்டியபின், பராமரிப்பு அதற்கேற்ப உயராவிடின், நோயும் மலடும் மிகும், பால் மிகாது. ஆதலால் பாதிக் கலப்பை அடைந்த பசுவுக்கு அடுத்த முறை சாகிவால் போன்ற திமில் இனத்தையோ, தன்னைப்போன்ற கலப்புக் காளையையோ சேர்ப்பதே அறிவுடைமை.

ஒரு படிப்பினை

2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 5,000 சினைநாகுகள் இலங்கைக்கு வருவிக்கப்பட்டுத் தனியார் பண்ணையாளருக்கு அளிக்கப்பட்டன. கூடிய பாலைத் தரும் இனமே அவை. எனினும் அவற்றைப் பெற்றோரிற் பலர் நோயாலும் தீனிச் செலவாலும் எதிர்பார்த்த பால் கிடையாமையாலும் பெருநட்டமடைந்தனர், கடன்பட்டோரும் உளர். உயர்ந்த இனத்தை வாங்குவதற்கு முன் அதற்கேற்ற கொட்டிலும் புல்லும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி நாடெங்கும் உணர்த்திற்று.

நமது ஊர்க் கமக்காரர் ஒருவர் அறுவடைப் பணத்தோடு கடனும் பெற்று, மலைநாட்டிலிருந்து உயர்ந்த இனப்பசு ஒன்றை வாங்கி வருகிறார் என வைத்துக்கொள்வோம். வைகாசி வெயிலில் அது மூச்சிரைத்து நிற்கும். வளவில் புல் இல்லை; புண்ணாக்கு விலையோ கூடிக்கொண்டே போகும். இரண்டாம் முறை சினை பிடிக்காது. ஈற்றில் பசுவும் போகும், கடன் நிற்கும். அதே பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு புற்பாத்தியும் நிழற்கொட்டிலும் அமைத்து, தமது நாட்டுப்பசுவையே தகுந்த காளையோடு சேர்த்திருந்தால், நான்கு ஆண்டுகளில் கலப்பு நாகொன்று கடனின்றி அவரது கொட்டிலில் நின்றிருக்கும்.

எருமை: நமது கரையின் செல்வம்

வாவிக்கரைச் சேற்று நிலத்துக்கு எருமையைப் போன்ற பிராணி வேறில்லை. முற்காலத்தில் வயலைச் சேறாக்கியதும் களவெட்டியில் சூடு மிதித்ததும் எருமைகளே. உழவியந்திரம் வந்தபின் அவ்வேலை அவற்றைவிட்டு நீங்கிற்று. அதனால் எருமைக்கு இனிப் பயனில்லை எனக் கருதுதல் தவறு. பசுப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு. எருமைப்பாலிலோ 7 முதல் 8 பங்கு. மட்டக்களப்புத் தயிரின் இறுக்கத்துக்கும் சுவைக்கும் இதுவே காரணம்.

நமது நாட்டெருமை தோற்றத்தில் கிழக்காசிய நாடுகளின் சேற்றெருமையை ஒத்தது. ஆயினும் ஆராய்ச்சியாளர் அதன் உயிரணுவைச் சோதித்தபோது அதில் 50 நிறமூர்த்தங்கள் இருக்கக் கண்டனர். சேற்றெருமைக்கு 48, இந்தியாவின் மூரா முதலிய ஆற்றெருமைகளுக்கு 50. ஆகவே நமது எருமை உள்ளமைப்பில் மூராவின் உறவினமே. மூரா, நீலி-ராவி, சூர்த்தி ஆகிய இனங்களின் கடாக்களோடு அது தடையின்றிக் கலக்கும். பிறக்கும் கன்றுகளும் குறைவின்றி இனம் பெருக்கும். பசுவிற்போல ஐரோப்பிய இரத்தத்தின் எல்லை பற்றிய அச்சம் எருமைக்கு இல்லை. கூடுதற் பாலுக்கேற்ற தீனி மாத்திரம் வேண்டும்.

எருமையில் இரு இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது, வேட்கையின் அறிகுறிகள் மங்கலானவை. பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலுமே தோன்றுவன. இரண்டாவது, மழைக்குப்பின் புல் தழைத்து உடல் தேறும் மாதங்களிலேயே பெரும்பாலும் சினை பிடிக்கும். ஆகையால் புரள்வதற்குக் குட்டையும், நண்பகலில் நிழலும், கோடையில் மேலதிகத் தீனியும் கொடுத்து வருவோரின் எருமைகளே ஒழுங்காகக் கன்று ஈனும்.

ஒரு காளையின் வலிமை

ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும். ஒரு காளையோ ஒரே ஆண்டில் இருபது முப்பது கன்றுகளுக்குத் தகப்பனாகும். ஆதலால் பட்டியைத் திருத்தவேண்டுமாயின் முதலிற் காளையையே திருத்துதல் வேண்டும். இதில் கவனிக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, நல்ல காளையைப் பட்டியில் விட்டுவிட்டு, தரமற்ற நாம்பன்களையும் விட்டுவைத்தால் பயனில்லை. வலிமையுள்ள நாட்டு நாம்பன் முந்திக்கொள்ளும். வேண்டாத நாம்பன்களை இளமையிலேயே நலமடித்துவிட வேண்டும். மிருக வைத்தியர் இதனைக் குறடு கொண்டு இரத்தம் சிந்தாமற் செய்வார்.

இரண்டாவது, ஒரே காளையை ஒரே பட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. அதற்குள் அதன் கன்றுகள் பருவமடைந்து தகப்பனோடேயே சேரத் தொடங்கும். அத்தகைய சேர்க்கையாற் பிறப்பன மெலிந்தும், பால் குறைந்தும், விரைவில் மாண்டும் போவதைப் பட்டிக்காரர் பலர் கண்டிருப்பர். இரு பட்டிக்காரர் உடன்பட்டுக் காளைகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டால், செலவின்றி இக்கேடு நீங்கும்.

மூன்றாவது, இவற்றை ஒருவர் மாத்திரம் செய்து பயனில்லை. மேய்ச்சல் நிலம் பொதுவானது. அங்கு அயலவரின் நாம்பனும் மேயும். வயலிலிருந்து மாடுகளை அகற்றும் நாளைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அனைவரும் கூடித் தீர்மானிப்பதுபோல, எந்தக் காளைகளைப் பட்டியில் விடுவது, எவற்றை நலமடிப்பது என்பதையும் அதே கூட்டத்தில் வட்டை விதானைமாரும் பட்டிக்காரரும் சேர்ந்து தீர்மானிக்கலாம். ஓர் ஊர் முழுவதும் இதற்கு உடன்பட்டால், ஐந்தாறு ஆண்டுகளுள் அவ்வூர்க் கன்றுகளின் தோற்றமே மாறிவிடும்.

செயற்கைமுறைச் சினைப்படுத்தல்

நல்ல காளையை வாங்க வசதியற்ற வீட்டு வளவுக்காரருக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் பெரும் உதவியாகும். தெரிந்தெடுத்த காளைகளின் விந்து, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசு உறைகுளிரில் திரவ நைதரசனில் வைத்துக் காக்கப்பட்டு ஊர்களுக்கு அனுப்பப்படுகிறது. ஆயினும் இதன் வெற்றி வைத்தியரின் கையில் மாத்திரம் இல்லை. வேட்கையைக் காலத்தில் கண்டு அறிவிக்கும் உரிமையாளரின் கண்ணிலேயே பெரும்பகுதி தங்கியுள்ளது.

பசு அமைதியின்றிக் கத்துதல், பிற மாடுகள் தன்மேல் ஏறும்போது விலகாது நிற்றல், பின்புறத்திலிருந்து கண்ணாடிபோன்ற வழும்பு வடிதல், தீனியும் பாலும் குறைதல் ஆகியன வேட்கையின் அறிகுறிகள். காலையிற் கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்துதல் வேண்டும். சினை பிடிக்காவிடில் ஏறக்குறைய 21 நாட்களில் வேட்கை மீளும். அந்நாளைக் குறித்துவைத்துப் பார்த்தல் அவசியம். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். எருமைக்கு ஏறக்குறைய 310 நாட்கள்.

சினைப்படுத்திய நாளையும் காளையின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். முன்னோர் குறிசுட்டு மாட்டை அடையாளங்கண்டனர். இன்று காதிலே இலக்கத்தகடு இடப்படுகின்றது. எந்தக் கன்றுக்கு எந்தக் காளை தகப்பன் என்பது தெரியாதவிடத்துக் கொள்கையும் இல்லை, இனவிருத்தியும் இல்லை.

பிறந்த கன்றைக் காத்தல்

தகுந்த காளைக்குப் பிறந்த பசுக்கன்று மூன்றாம் மாதத்தில் மாண்டால், நான்கு ஆண்டு முயற்சி அதனோடு மாண்டதாகும். தயிருக்காகப் பாலை முற்றாகக் கறந்துவிட்டுக் கன்றைப் பட்டினியிடும் வழக்கம் சில பட்டிகளில் உண்டு. இது முதலைத் தின்னும் வியாபாரம். பிறந்தவுடன் சீம்பாலை வயிறாரக் குடிக்கவிட வேண்டும். பின்னரும் ஒரு முலையின் பாலையாவது கன்றுக்கு விடவேண்டும். எருமைக்கன்றுகளைக் கொல்லும் பெரிய உருளைப்புழு, தாய்ப்பாலின் வழியாகவே கன்றை அடைகின்றது. ஆதலால் பிறந்த 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் ஒருமுறை பூச்சிமருந்து கொடுத்தால் பெரும்பாலான கன்றுகள் தப்பும்.

கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா நோய் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். வெளியிலிருந்து வாங்கும் மாட்டையும் இரவல் வாங்கும் காளையையும் சோதிப்பிக்காமற் பட்டியிற் சேர்க்கலாகாது. பசுக்கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதினுள் தடுப்பூசி போடுவிக்க வேண்டும். கருச்சிதைந்த மாட்டை வெறுங்கையால் தொடுதலும், அதன் பாலைக் காய்ச்சாமற் குடித்தலும் மனிதருக்கும் அந்நோயைத் தரும்.

புல்லின்றி இனமில்லை

2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மண்டோஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பெருந்தொகையான மாடுகளும் எருமைகளும் ஓரிரு நாட்களில் மடிந்தன. திறந்த வெளியில் ஒதுங்க இடமின்றி நனைந்து நிற்கும் மெலிந்த உடம்பைக் குளிர் எளிதிற் கொல்லும். எந்த இனமாயினும், மாரிக்கு முன் உடல் தேறியிருக்கவும் ஒதுங்க மேட்டிடம் இருக்கவும் வழிசெய்தல் வேண்டும்.

மேய்ச்சல் நிலமும் நாளுக்கு நாள் சுருங்கி வருகின்றது. மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் நிலங்களைக் காக்கவேண்டும் எனக் கோரி 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் சித்தாண்டியிலே பாற்பண்ணையாளர் தொடங்கிய போராட்டம் நாடு அறிந்தது. எல்லை குறிக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் இல்லாதவிடத்து, எவ்வளவு உயர்ந்த காளையைக் கொண்டுவந்தாலும் பட்டி தழைக்காது. மேய்ச்சல் நிலத்தைக் காப்பதும் இனவிருத்திக் கொள்கையின் ஒரு பகுதியே.

நெற்செய்கைக்காரரின் கையில் வேறொரு செல்வமும் உண்டு, அதுதான் வைக்கோல். அதனை வயலில் எரித்துவிடலாகாது. 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரில் நன்கு கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாது மூடி, 7 முதல் 10 நாட்கள் வைத்திருந்தால் அது மென்மையும் சத்தும் பெறும். திறந்து சிறிது ஆறவிட்டு, வளர்ந்த மாடுகளுக்கு மாத்திரம் கொடுக்கவேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது. யூரியாக் கரைசலை மாடுகள் குடித்துவிடாதபடி காத்தலும் இன்றியமையாதது. குடித்தால் உயிருக்கு இடர்.

முடிவுரை

கமக்காரர் மனத்திற் பதிக்கவேண்டியவை வருமாறு:

1. முதலில் தீனியையும் கொட்டிலையும் பாருங்கள்; பின்னர் இனத்தைத் தெரிவு செய்யுங்கள்.
2. பட்டிக்குச் சாகிவால், சிந்தி போன்ற திமில் இனம். பராமரிப்புள்ள கொட்டிலுக்கு ஜேர்சி முதலிய கலப்பினம். எருமைக்கு மூரா, நீலி-ராவி.
3. ஐரோப்பிய இரத்தத்தைப் பாதியளவில் நிறுத்துங்கள்.
4. வேண்டாத நாம்பன்களை நலமடியுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காளையை மாற்றுங்கள்.
5. சினைப்படுத்திய நாளையும் காளையையும் எழுதிவையுங்கள்.
6. பசுக்கன்றுக்குரிய பாலை அதற்கே விடுங்கள்.

களவெட்டியிற் குவிந்த நெல்லை நாம் பொலி என்கிறோம். பட்டியைப் பெருக்கும் காளையையும் பொலிகாளை என்றே முன்னோர் அழைத்தனர். இரண்டும் பெருக்கத்தைக் குறிக்கும் சொற்களே. விதைநெல்லில் நீங்கள் காட்டும் கவனத்தைக் காளையிலும் காட்டுங்கள். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் செல்லுமுன் உங்கள் பட்டியில் எத்தனை நாம்பன்கள் நிற்கின்றன, அவற்றுள் எதன் கன்று உங்களுக்கு வேண்டும் என எண்ணிப் பாருங்கள். உங்கள் நிலத்துக்கும் வளர்ப்பு முறைக்கும் ஏற்ற இனத்தைத் தெரிவு செய்வதில் ஐயம் நேர்ந்தால், பிரதேச அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறுங்கள்.